கோலார் தங்கவயல்: பாறையும் பொன்னும்

கோலார் தங்கவயல், கர்நாடகத்தில் 2001 வரை பொன் எடுக்கப்பட்ட சுரங்கப் பகுதி. தென்வடலாக ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் கொண்ட கரும்பாறைப் பட்டையின் நடுவே அமைந்தது.

சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பரவிய எரிமலைக் குழம்பே இங்கு ஆம்பிபோலைட் எனும் கரும்பாறையாக உருமாறிக் கிடக்கிறது. பட்டை மடிந்து நெரிபட்டபோது, வெடிப்புகளில் ஏறிய வெந்நீர்க் கரைசல்கள் பொன்னைப் படியவிட்டன. படிந்த விதம் இடத்துக்கு இடம் வேறு. கிழக்கிலுள்ள சாம்பியன் ரீஃபில் வெண்ணிறக் குவார்ட்ஸ் நரம்புக்குள் பொன் தனி உலோகமாகவே இருக்கும்; கந்தகத் தாதுக்கள் சொற்பம். அதற்கு மேற்கே மக்டாகர்ட் முதலிய படிவுகளில் பைரோடைட், ஆர்சனோபைரைட் எனும் கந்தகத் தாதுக்கள் மண்டிக்கிடக்கும். தங்கவயல் தந்த சுமார் 800 டன் பொன்னில் பெரும்பங்கு சாம்பியனுடையது. மற்றவை அதன் நிழலில் நின்றவை என்பதே சரி.

1802இல் எல்லை அளக்க வந்த பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன், உரிகம், மாரிக்குப்பம் பகுதிகளில் ஊர்க்காரர்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டார். 1880இல் பிரிட்டிஷ் சுரங்க நிறுவனமான ஜான் டெய்லர் வந்தது. முன்னோர் தோண்டிய பழங்குழிகளுக்கு அடியில் தேடியபோதே சாம்பியன் அகப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் அதைத் துரத்தி 3 கி.மீ.க்கும் கீழே இறங்கினார்கள். நரம்பு ஆழத்தில் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குவதால் அகழ்வும் அப்படியே போயிற்று. அழுத்தம் தாளாமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். சுரங்கத்தில் இதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர். பல உயிர்களைக் குடித்தது.

மேலுள்ள பாறை மற்றத் துகள்களைத் தடுத்துவிடுவதால், அந்த ஆழம் நியூட்ரினோ எனும் நுண்துகளைத் தேடும் இயற்பியலுக்குப் பயன்பட்டது. 1965இல், சுமார் 2.3 கி.மீ. கீழே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுவினர் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் அதே ஆண்டு அது பதிவாயிற்று.

கோலார் சுரங்கம் மூடப்பட்டபின் நியூட்ரினோ ஆய்வுக்கு வேறு இடம் தேடவேண்டியிருந்தது. தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் அருகே பொட்டிபுரம் தேர்வானது. அங்குள்ளது சார்னோகைட், பல்லாவரம் குன்றுகளின் அதே பாறை. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான இறுகிய கல் அது. பெரிய குகை குடைய ஏற்றது என்பதே அதன் தகுதி. அங்கு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தும், ஊர்மக்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் பணி நகரவில்லை.