களமும் கறையும் – 17: நாலு வருஷமா சார்?

இந்திய கிரிக்கெட் வாரியம் 2019 ஆகஸ்டில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் சோதனைக்கு இறங்கிவந்த கதையைத்தான் இந்த வாரம் சொல்லவேண்டும். ஆனால் இந்தத் தொடரின் அமெரிக்க பேஸ்பால் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஆவடியில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவர் கேட்டார்: "அங்கே ஊக்கமருந்தில் முதல் தடவை மாட்டினால் 80 ஆட்டம்தான் தடை. நம்ம கோமதிக்கு மட்டும் நாலு வருஷமா சார்?"

கோமதி மாரிமுத்து. திருச்சி முடிகண்டத்து விவசாயக் கூலி வீட்டுப் பெண். 2019 ஏப்ரல் 22, தோகா, ஆசிய தடகளம், 800 மீட்டர். காலில் இரண்டு நிறத்தில் ஷூ. கடைசி நேர்கோட்டில் சீனாவின் வாங் சுன்யுவை முந்தி 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம். அப்போது வயது 30. மகளுக்குச் சோறு ஒதுக்கிவிட்டு மாட்டுத் தீவனத்தைத் தின்ற அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பிறகு, சோதனைக்கு எடுத்த அவர் மாதிரியில் நான்ட்ரோலோன் ஸ்டீராய்டு. நான்கு வருடத் தடை. பதக்கம் வாங் சுன்யுவுக்குப் போனது. அது சரிதான், சுத்தமாக ஓடியவளுக்குச் சேரவேண்டியது அவளுக்கே சேரவேண்டும். என் கோபம் வேறு. முதல் மாதிரி மார்ச் 18-லேயே பட்டியாலாவில் எடுத்தாயிற்று. முடிவு தோகாவுக்கு முன் தடகள சம்மேளனத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். இந்தத் தாமதத்துக்கு யார் தண்டனை அனுபவித்தார்கள்?

அதே ஆண்டு கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை. இருமல் மருந்தில் இருக்கும் டெர்பூட்டலின், அதனால் தண்டனை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜூலை 30-ல் அறிவித்துவிட்டு மார்ச் 16-லிருந்து கணக்கிட்டார்கள். ஊருக்குத் தெரியுமுன்பே பாதிக்குமேல் கழிந்துவிட்டது. பேஸ்பால் வீரர் அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஊக்கமருந்துத் தடையால் 2014 சீசன் முழுக்க வெளியே இருந்தார். அடுத்த ஆண்டு, 40 வயதைத் தொட்டபோதும், 33 ஹோம் ரன் அடித்தார். பேஸ்பாலில் தண்டனையை நிர்ணயிக்கும் மேஜையில் வீரர்களின் தொழிற்சங்கமும் உட்கார்ந்திருக்கிறது. கோமதிக்காகப் பேச அப்படி யார் இருந்தார்கள்? 30 வயது ஓட்டக்காரிக்கு நான்கு வருடம் என்பது ஆயுள் தண்டனை.

மாஸ்டருக்கு என் பதில் இதுதான்: தண்டனை வேண்டும், ஆனால் டப்பாவும் ஊசியும் விற்பவன் வரை அது போகவேண்டும். அதுவரை ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை நம்பி ஓடும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பிள்ளைகளே, தெரியாமல் சாப்பிட்டேன் என்பது விடுதலை வாங்கித்தராது. ஜிம்மில் யாராவது பவுடர் நீட்டினால் வாங்காதீர்கள். இருமல் மருந்தானாலும் நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பார்த்துவிட்டே குடியுங்கள்.

(தொடரும்)