பட்டாளத்துக்குப் போன மகளும் கைநாட்டு வைத்த தாயும்

சென்ற ஆண்டு எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி ராணுவத்துக்கு மனுப் போட்டாள். பன்னிரண்டாவது முடித்தவள். விடியுமுன் எழுந்து ஏரிக்கரையில் ஓடுவாள். ஊர்த்தெரு வழியாக ஓடினால் வார்த்தை வரும் என்பதால் ஏரிக்கரை. ஆள் எடுப்புக்குப் போகிறவள் பதினெட்டு நிறையாதவளாக இருந்தால் பெற்றவர் சம்மதக் கடிதம் வேண்டும். அதை எழுதித் தரச் சொல்லி அவள் அம்மா என்னிடம் வந்தார். எழுதி நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நீ படிச்சவ, சொல்லு. பொம்பளப் புள்ளய அத்தன ஆம்பளைக்கு நடுவுல வுட்டுட்டு நான் எப்பிடிம்மா தூங்குறது? பட்டாளத்துல ராத்திரிக்கு யாரு காவலு?"

காவலுக்குத்தானே அக்கா பட்டாளம் என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. இதே கேள்வியை எண்பது வருசத்துக்கு முன்னால் மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் எங்கள் பூட்டி கேட்டிருக்கிறாள். அதை என் அப்பாயி சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

எம்.ஏ. வகுப்பில் புறநானூற்றின் 279ஆம் பாட்டை நடத்தினார்கள். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. வீட்டில் முன்பே ஆள் பறிகொடுத்தவள், செருப்பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனுக்கு எண்ணெய் தடவி, வெள்ளுடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். வீரத்தாய் என்று ஆசிரியர் உருகினார். எனக்கு இரண்டு கேள்வி இருந்தது. அந்தப் பறையை அடித்தவன் வீட்டுத் தாய் எங்கே? அவள் மகளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? வகுப்பில் கேட்கத் துணிச்சல் இல்லை. பதில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது.

*

நமது சனங்கள் மலாயாவுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று கங்காணிகள் சேரி சேரியாக ஆள் பிடித்தார்கள். போனவர்களில் தாழ்த்தப்பட்டவர்கள் ஏராளம். பண்ணையாரிடமிருந்து தப்பினோம் என்று கப்பலேறியவர்களுக்கு அங்கே துரை, கிராணி, தண்டல், கங்காணி என்று நாலு எசமான்கள். சாதியும் கூடவே கப்பலேறியது. பல தோட்டங்களில் பறையர்களுக்குத் தனி லயம்.

விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். இருட்டோடு மரம் வெட்ட நிரைக்குள் நுழைய வேண்டும். பெண்களுக்கு அந்த இருட்டுதான் பயம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கத் தேவையில்லை என்று ஆக்கக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். அதே பட்டியலில், வெள்ளைக்காரனும் அவனுக்குக் கீழே உள்ள அதிகாரியும் எங்கள் பெண்கள்மேல் கைவைப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. கோரிக்கைப் பட்டியலில் ஏறும் அளவுக்கு அது நாள்தோறும் நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். மே மாதம் பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

எங்கள் குடும்பம் இருந்தது அந்தக் கிள்ளான் பக்கத்தில்தான். அப்பாயி பிறந்தது 1934. அப்போது ஏழு வயசு. "பட்டாளம் வருதுன்னு சொன்னதும் எங்காத்தா எங்கள எல்லாம் கட்டுலுக்கு அடியில தள்ளி மேல சாக்கப் போட்டு மூடிட்டா. பட்டாளம்னா எங்களுக்கு அதான்." பூட்டிக்குப் பட்டாளம் என்ற சொல்லோடு இருந்த உறவு இதுதான்.

*

1941 டிசம்பர் 8இல் ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் ஓடினார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்குதான் மூன்று வேளையும். துணி கிடைக்காமல் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு சயாம். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஆள் வேண்டுமென்று தோட்டம் தோட்டமாகப் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் 75,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. திரும்பாதவர்கள் பல்லாயிரம். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் சனங்களுக்குக் குழிதான். என் பூட்டன் அந்தக் கணக்கில் ஒருவர். மூன்று மாசத்தில் வந்துவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்களாம்.

இந்த நேரத்தில்தான் சுபாஷ் சந்திர போஸ் வந்தார். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். அதே மாதம் பெண்களுக்கென்று தனிப் படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையின் முகாம் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். எண்ணிக்கையைச் சில நூறு என்பவரும் உண்டு, ஆயிரத்துக்கு மேல் என்பவரும் உண்டு. ஆனால் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்: சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். படைக்கு ஒரு ராணியின் பெயர். படையாட்களோ பால்மரம் வெட்டியவர்கள்.

அந்தப் படையில் எங்கள் அப்பாயியின் அக்கா சேர்ந்தார். வயசு பதினாறு.

*

பெண் சேர வேண்டுமென்றால் மணமாகாதவளுக்குத் தகப்பன் ஒப்ப வேண்டும், மணமானவளுக்குப் புருஷன் ஒப்ப வேண்டும் என்பது விதி. வசதியான வீட்டுப் பெண்கள் இதோடு போராடிய கதை நமக்குக் கிடைக்கிறது. பிற்காலத்தில் மலேசிய செனட்டராக இருந்த ஜானகி ஆதி நாகப்பனின் தகப்பனார் முதலில் மறுத்ததும் பிறகு இணங்கியதும் எழுதப்பட்டிருக்கிறது. லட்சுமியின் தாய் அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். அவரைப் பற்றியும் எழுத்து இருக்கிறது. இவர்களைக் குறை சொல்லவில்லை. லட்சுமி 2012இல் சாகும்வரை கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். ஆனால் லயத்துத் தாய் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்? 'தோட்டத்துத் தாய்மார்களும் தம் பெண்களை மகிழ்ச்சியோடு தந்தனர்' என்ற ஒரு வரிக்குள் அவளை அடக்கிவிடுகிறார்கள்.

மகிழ்ச்சியோடுதானா? அப்பாயி சொன்னதை அப்படியே தருகிறேன்.

"லீக்குக்காரங்க ரெண்டு பேரு வந்தாங்க. கொடி வச்சிருந்தாங்க. அக்கா பேரு குடுத்திருச்சு, ஆத்தாவுக்குத் தெரியாது. தெரிஞ்சதும் ஆத்தா அடிச்சா. வெளக்குமாறு பிஞ்சு போற அளவுக்கு அடிச்சா. அக்கா நகரல. அப்புறம் ஆத்தா அந்த ஆளுங்ககிட்டயே கேட்டா, ராத்திரியில எம்புள்ளைக்கு யாரு காவலுன்னு. பொம்பளைங்கதாம்மா அங்க எல்லாம், காவலும் பொம்பளைதான், கையில துப்பாக்கி இருக்கும்னான். ஆத்தா ரொம்ப நேரம் பேசல. புள்ள கையிலயா துப்பாக்கின்னா. ஆமான்னான்."

கிள்ளான் தோட்டங்களில் இருட்டில் நிரைக்குள் போன ஒரு தாய்க்கு இந்தப் பதிலின் அர்த்தம் என்ன என்று தேசபக்தி வரலாறு எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

"தகப்பன் ஒப்பணும்னான். அப்பாதான் சயாமுக்குப் போயிட்டாரே. சரி, நீயே வையின்னு தாள நீட்டுனான். ஆத்தா என்ன சொன்னா தெரியுமா? 'எம்புருசன லாரியில ஏத்துனப்ப எவனும் என்னக் கேக்கல. நீ கேக்குற'ன்னா. சொல்லிட்டு விரலை வச்சா. வச்சுட்டு அந்த மசிய முந்தானையில தொடச்சுக்கிட்டே இருந்தா."

அழுதாளா என்று கேட்டேன். "அன்னிக்கு அழுவல. மறுநா ராத்திரி கெழங்கு பங்கு வச்சா. அக்கா பங்கையும் சேத்து வச்சுட்டா. அத எடுத்து எனக்கும் தம்பிக்கும் பிச்சுக் குடுத்தா. குடுக்கையில அழுதா. ஒரு வாயி கொறஞ்சதுன்னு மனசுக்குள்ள நெனச்சேனே, நான் தாயான்னு அழுதா."

இதற்குமேல் எந்த ஆவணம் வேண்டும்? பயம், பசி, மானம், ஆத்திரம், நாலும் ஒரு கைநாட்டில் இருக்கிறது. இன்னொன்றும் இருந்திருக்கிறது. கொஞ்ச நாள் கழித்துச் சிங்கப்பூர் முகாமில் மகளைப் பார்த்துவிட்டு வந்த லயத்து ஆள் ஒருவர், உன் மக முடியை வெட்டி, கால்சட்டை போட்டு, பூட்ஸ் போட்டுக்கிட்டு நடக்குறா என்றாராம். "பூட்ஸா, பூட்ஸான்னு ஆத்தா நாலு பேருகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா." ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த வம்சம். அந்தக் கேள்வியில் இருந்தது பெருமை என்றுதான் நான் நினைக்கிறேன். அப்பாயி அப்படிச் சொல்லவில்லை.

*

ராணுவம் ஒடுக்கப்பட்டவனுக்கு ஒரு கதவாக இருந்திருக்கிறது என்பது பழைய செய்தி. அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மாவ் படைமுகாமில். தகப்பனார் ராம்ஜி சக்பால் சுபேதார். பழைய சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் இருந்தார்கள். ஆள் தேவைப்பட்டபோது சேர்த்துக்கொண்ட வெள்ளைக்காரன், போர்ச்சாதி என்ற கோட்பாடு வந்ததும் 1890களில் மகர்களுக்குக் கதவைச் சாத்தினான். மறுபடி உலகப்போர் வந்ததும் 1941இல் மகர் ரெஜிமெண்டை உண்டாக்கினான். சாவதற்கு ஆள் வேண்டும்போது தீட்டு இல்லை.

ஐ.என்.ஏ. இதில் வேறுபட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சாதிக்கு ஒரு அடுப்பு, மதத்துக்கு ஒரு அடுப்பு என்பதைப் போஸ் வைக்கவில்லை. எல்லோரும் ஒன்றாக உண்டார்கள். எழுத்து தெரியாத தோட்டத்துப் பெண்கள் அங்கே எழுத்துப் படித்தார்கள். ஆனால் அங்கும் படித்த வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் அதிகாரிகள், தோட்டத்துப் பெண்கள் சிப்பாய்கள். ஒரு பகுதியினர் பர்மாவுக்குப் போனார்கள். களத்தில் முன்னணிக்கு அனுப்பப்படவில்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது மழையிலும் சேற்றிலும் நடந்தார்கள். பின்வாங்கும் வழியில் ரயில்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தார்கள்.

அப்பாயியின் அக்கா பர்மா போகவில்லை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் படை கலைந்தது. லயத்துக்கு நடந்தே வந்தார். முடி தோளுக்கு வரவில்லை. லயத்தில் பேசாத பேச்சில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வருகிறான் என்றதும் பூட்டி அந்தக் காக்கியை எடுத்துச் சேற்றில் ஊறவைத்து நிறம் மாற்றி, பிரித்து, அப்பாயிக்குச் சட்டை தைத்தாள். "துணி ஏது அப்ப? ரெண்டு வருசம் நான் அதத்தான் போட்டேன். தடியா இருக்கும், உடம்பு அரிக்கும்." விடுதலைப் போரின் சீருடை எங்கள் வீட்டில் இப்படித்தான் தேய்ந்து கிழிந்தது. அக்கா மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போனார்.

1969இல் மலேசியாவில் வேலை அனுமதிச் சீட்டு வந்தது. குடியுரிமை இல்லாத பல்லாயிரம் தமிழர் கப்பலேறினார்கள். அப்பாயி 1970இல் என் அப்பாவோடு திருச்சி மாவட்டத்துக்குத் திரும்பினார். அக்கா அங்கேயே இருந்துவிட்டார். இரண்டு கடிதம் வந்தது, யாரோ எழுதிக்கொடுத்தது. பிறகு வரவில்லை. இந்திய அரசு 1972இல் விடுதலை வீரர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. ஐ.என்.ஏ.வினரும் அதில் அடங்குவர். தமக்கை பெயரையாவது எங்காவது பதிந்துவைக்க முடியுமா என்று அப்பாயி ஒரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். தாள் இருக்கிறதா என்று கேட்டார்களாம். "தாளுல வெரலு வச்சது எங்காத்தா. தாள எடுத்துக்கிட்டுப் போனது அவங்க. எங்ககிட்ட கேட்டா?" என்பார்.

*

இந்திய ராணுவம் 1992இல் மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியேயும் பெண் அதிகாரிகளை எடுக்கத் தொடங்கியது. சிப்பாய் நிலையில் பெண்களுக்குக் கதவு திறந்தது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். ராணுவப் போலீஸ் பிரிவில் பயிற்சி முடித்த முதல் அணி 83 பேர், 2021 மே மாதம், பெங்களூரில். 2022இலிருந்து அக்னிபத் திட்டத்தில் நான்கு வருசம்; அதற்குப் பிறகு நாலில் ஒருவருக்கு மேல் நிரந்தரம் இல்லை. எங்கள் தெருப் பிள்ளை இதற்குத்தான் ஏரிக்கரையில் ஓடுகிறாள்.

அவள் அம்மாவுக்கு நான் பூட்டியின் கதையைச் சொன்னேன். வீரத்தாய் என்று சொல்லவில்லை, கிழங்கு பங்கு வைத்ததைச் சொன்னேன். துப்பாக்கி கையில் இருந்தவள் திரும்பி வந்து வாளியைத் தூக்கியதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நாலு வருசம் கழிச்சு வந்தா இந்தத் தெருவுக்குத்தான வரணும்" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி. போட்டுவிட்டு, "இதுல ஒரு காப்பி எடுத்துக் குடும்மா. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.