நம் மருத்துவ விவரம் கசிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஒரு சின்ன வரலாறு

1/ போன மாசம் நம்ம டி.ஆர்.பட்டினத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "டாக்டர், எனக்குக் கல் ஆபரேஷன் ஆனது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?" போனில் பேசியவன் அவர் பெயர், பாலிசி நம்பர், ஆபரேஷன் தேதி எல்லாம் சரியாகச் சொல்லி, போனஸ் வருது, ஓடிபி சொல்லுங்கன்னு கேட்டிருக்கான். நல்லவேளை, அவர் சொல்லவில்லை.

2/ எந்த நிறுவனத்திலிருந்து கசிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வேன். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். வந்த நோயை மாற்ற முடியுமா? அது ஒருமுறை வெளியே போனால் போனதுதான். அதனால்தான் இந்தத் த்ரெட்.

3/ 2000-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. 2003-இல் ஒவ்வொரு மாநில, யூனியன் பிரதேச ஐடி துறைச் செயலாளரையும் 'தீர்ப்பு அதிகாரி' ஆக்கினார்கள். 5 கோடி வரையிலான நஷ்டஈட்டு மனுவை அவரே விசாரிக்கலாம். பாதி பேருக்கு இன்றைக்கும் இது தெரியாது.

4/ அந்தக் கதவை முதலில் தட்டியவர்களில் ஒருவர் அபுதாபியில் வேலை பார்த்த நம்ம தமிழர். 2007-இல் வங்கி அனுப்பியது போல வந்த போலி மெயிலை நம்பி, தூத்துக்குடி ஐசிஐசிஐ கணக்கிலிருந்து பணத்தை இழந்தார். தப்பு உங்களுடையது என்றது வங்கி. அவர் விடவில்லை. 2010 ஏப்ரலில் தமிழக ஐடி செயலாளர் பி.டபிள்யூ.சி. டேவிதார், வங்கி 12.85 லட்சம் தரவேண்டும் என்று உத்தரவிட்டார்.

5/ இதற்கிடையே 2008 திருத்தத்தில் 43ஏ பிரிவு வந்தது. நம் விவரத்தைப் பாதுகாப்பதில் நிறுவனம் அலட்சியமாக இருந்து, அதனால் நமக்கு நஷ்டம் வந்தால் ஈடு தரவேண்டும். எது 'உணர்திறன் மிக்க' விவரம் என்று 2011 விதிகள் பட்டியல் போட்டன. மருத்துவப் பதிவுகளும் அதில் உண்டு.

6/ 2017 ஆகஸ்ட் 24: புட்டசாமி வழக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்.

7/ 2024 செப்டம்பர்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் பாலிசி, பரிசோதனை முடிவுகள் டெலிகிராம் சாட்பாட்டில் கிடைப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 3 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொன்னான். நிறுவனம் டெலிகிராம் மீதும் அவன் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, இடைக்காலத் தடை வாங்கியது. சரி, வாடிக்கையாளருக்கு என்ன வழி?

8/ வழி அ: 43ஏ மனு. காரைக்கால்காரர்கள் கவனிங்க. நம் யூனியன் பிரதேசத்தின் தீர்ப்பு அதிகாரி புதுச்சேரி ஐடி செயலாளர். நிறுவனத்தின் அலட்சியம், நமக்கு வந்த நஷ்டம் இரண்டையும் காட்டவேண்டும். அது கஷ்டம்தான், மறைக்க மாட்டேன்.

9/ வழி ஆ: நுகர்வோர் ஆணையம். நம்பிக் கொடுத்த விவரத்தைச் சட்ட அனுமதியின்றி வேறொருவருக்கு வெளியிடுவது 2019 சட்டத்தில் 'நியாயமற்ற வணிக நடைமுறை'. பாதுகாப்பில் கோட்டை விட்டதைச் 'சேவைக் குறைபாடு' என்றும் வாதிடலாம். நீங்கள் வசிக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். கெடு: 2 வருடம்.

10/ இப்போதுதான் முக்கியமான விஷயம். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அபராதம் 250 கோடி வரை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா கிடையாது. ஐரோப்பாவில் 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈட்டு உரிமை தருகிறது. நம்முடையது தரவில்லை.

11/ அது மட்டுமல்ல. அதே சட்டம் 43ஏ பிரிவையும் நீக்குகிறது. 2025 நவம்பரில் வந்த அறிவிப்பின்படி, அந்த நீக்கம் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாத வாக்கில் அமலாகும். வழி அ மூடப்போகிறது. பாதிக்கப்பட்டிருந்தால் தள்ளிப்போடாதீங்க.

12/ இன்றைக்கே செய்யவேண்டியது: அழைப்பு வந்த நம்பர், நேரம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பது 2011 விதி. பணமே போயிருந்தால் முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

13/ காளமேகம் நம்ம ஊரில் அவமானப்பட்டு அறம் பாடினார், மண்மாரி பெய்தது என்று சின்ன வயசில் கேட்டிருப்பீங்க. நமக்கு அறம் பாடத் தெரியாது. மனு எழுதலாமே? பெரியவர் தன்னுடையதை எழுத ஆரம்பித்துவிட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.