மருந்துச் செலவு யாருடையது? மலைநாட்டின் பழைய வழக்கு



நோயுற்றவனுக்கு ஆகும் செலவை ஏற்க வேண்டியவர் யார்? வேலை கொடுத்தவரா, நோயாளி தாமேயா, அன்றி அரசாங்கமா? நோய்க் காப்புறுதி பெறாதவர் பணம் செலுத்த வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2012 ஆம் ஆண்டில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலேயே ஏற்றுக்கொண்டது. அப்பணத்தை வரியாகக் கொள்ளலாம் என்பதே தீர்ப்புக்கு ஆதாரம். அதனைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது கண்டி மாநகரம். ஏனெனில், இதே பிணக்கு நம் மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்துவிட்டது.

தோட்டத்துரைமார் சங்கம் 1854 இல் கண்டியிலேதான் தோன்றியது. அக்காலத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம்மவர், மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியினால் வழியிலே மாண்டவர் பலர். வந்து சேர்ந்தபின் லயத்திலே மாண்டவரும் பலர். மரணத் தொகை பெருகவே, 1872 இல் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தேசாதிபதி கிறெகரி பதவியேற்ற ஆண்டும் அதுவே. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. செலவின் ஒரு பங்கு தோட்டங்களின் மீது விழுந்தது.

விழுந்ததும் முறைப்பாடு எழுந்தது. கோப்பியை இலைநோய் அரிக்கத் தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ஆஸ்பத்திரி என்றாலே கூலியாள் அஞ்சுகிறான், அவன் போகாத இடத்துக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும் என்றனர் துரைமார். அவன் அஞ்சியது உண்மையே. ஆஸ்பத்திரிக்குப் போனவர் பலர் திரும்பாதிருந்தமையால் அவ்வச்சம் வந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. சட்டநிரூபண சபையில் துரைமார் சார்பிற் பேச ஆளிருந்தது. நோயாளியின் சார்பிற் பேச ஒருவரும் இல்லை.

1880 களின் தொடக்கத்தில் நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. செலவுக்கு ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டது. கோப்பியும் பின்னர் தேயிலையும் கப்பலேறும்போது வைத்தியப் பணம் அறவாகும். இதனை வரியென்பதா, சேவைக்கான கட்டணம் என்பதா? கட்டணம் என்றால், தானே டிஸ்பென்சரி நடத்தும் தோட்டம் இருமுறை செலுத்துகிறது. 1912 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சொந்த வைத்திய வசதியுள்ள தோட்டங்களுக்குத் தீர்வையில் ஒரு பங்கு திருப்பிக் கொடுக்கப்பட்டது. துரைமார் வாதம் வென்றது எனலாம்.

ஆயினும் அச்சட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் அளித்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் போஷாக்குக் கிடைப்பதைக் கவனித்தல், நோயாளரைப் பற்றி விசாரித்தறிதல் ஆகியன தோட்ட அதிகாரியின் கடமைகளாயின. எழுத்திலுள்ளதெல்லாம் நடந்ததா என்பது வேறு கதை. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, புழு இல்லாதவரைக் காண்பதே அரிதாயிருந்தது.

இங்கே ஓர் ஒப்பு நோக்கு. அதற்கு முந்திய ஆண்டில், 1911 இல், இங்கிலாந்திலே லொயிட் ஜோர்ஜ் தேசியக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டு வந்தார். வாரந்தோறும் தொழிலாளி நாலு பென்ஸ், முதலாளி மூன்று, அரசாங்கம் இரண்டு. வைத்தியர்கள் கடுமையாக எதிர்த்தும் சட்டம் நிலைத்தது. நாலு பென்ஸ் கட்டிய தொழிலாளி கையிலே அட்டையை வைத்துக்கொண்டு, பட்டியலிலுள்ள வைத்தியரைத் தானே தெரிந்துகொள்ளலாம். வேலைத்தலம் மாறினாலும் அட்டை அவனுடையது. நம் தோட்டத் தொழிலாளியிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் அவனுடையது என்று சொல்ல ஓர் அட்டையும் இல்லை. அவன் பெயர் துரையின் செக்றோலிலே இருந்தது.

தொண்ணூறுகளில் நான் படிப்பித்த பாடசாலைக்கு அண்மையிலிருந்த லயத்தில் ஒரு மூதாட்டி சொன்னார்: "பேரு வெட்டிட்டாங்கன்னா மருந்தும் வெட்டுத்தான் ஐயா." பேராதனையில் நான் படித்த பொருளாதார வரலாறு முழுவதிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் ஒன்றை நான் கண்டதில்லை.

1951 இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீங்கியது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராகியிருந்தனர். கண்டி நகரவாசிக்கு வைத்தியம் குடிமகனின் உரிமையாக வளர, சில மைலுக்கப்பாலுள்ள தோட்டத்திலே அது செக்றோலைப் பற்றியே நின்றது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, தோட்ட வைத்தியத்தை அரசாங்கச் சேவையோடு இணைக்கும் வேலை படிப்படியாகத் தொடங்கிற்று. அது முடியுமுன் 1992 இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்குவது கம்பனியா, சுகாதார அமைச்சா என்ற கேள்வி மீண்டும் மேசைக்கு வந்தது.

என் போன்ற அரசாங்க ஊழியரின் சம்பளத்தில் அக்ரஹாரக் காப்புறுதிக்காக மாதந்தோறும் ஒரு தொகை கழிக்கப்படுகின்றது. அந்தச் சம்பளப் பத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மூதாட்டியை நினைக்கிறேன். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அவர் பெயரை, வயது வந்ததென்று வெட்டியிருந்தார்கள்.