கழுத்துக் கழலையும் கூடிய எடையும்

தைராய்டு நோய்க்கு அறுவை செய்துகொண்டோரையும், கதிரியக்க அயோடின் பெற்றோரையும் நாம் இன்று பரவலாகக் காண்கிறோம். சிகிச்சைக்குப் பின் அவருட் பலருக்குச் சுரப்பு குன்றுகிறது, எடை கூடுகிறது. 'வாயைக் கட்டினால் போதாதா?' என்கிறது சுற்றம். 'மாத்திரையைக் கூட்டினால் இளைத்துவிடலாமே' என்று எண்ணுகிறார் நோயர். இவ்விரு கூற்றுகளையும் எடைபோட்டுப் பார்க்க மருத்துவ வரலாறு நமக்குத் துணைநிற்கிறது.

ஆல்ப்ஸ் மலைநாடான சுவிட்சர்லாந்தில் உணவிலும் நீரிலும் அயோடின் குறைவு. ஆதலால் கழுத்துக் கழலை அங்கே ஊர்தோறும் காணப்பட்ட நோய். பெர்ன் நகரில் 1872 இல் பேராசிரியரான தியோடர் கோச்சர், அந்நாளில் உயிருக்கே உலைவைத்த கழலை அறுவையைப் பெரிதும் ஆபத்தற்றதாக்கினார். 1874 இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுரப்பி முழுவதையும் அகற்றினார். புண் ஆறியது, சிறுமியோ மாறிப்போனாள். வளர்ச்சி நின்றது; அறிவு மந்தமுற்றது. 1882 இல் ஜெனீவாவின் ரெவெர்தின் இத்தகைய மாற்றங்களை வெளியிட்டபின், கோச்சர் தம் பழைய நோயர்களை மீண்டும் வரவழைத்தார். முழுச் சுரப்பியையும் இழந்து சோதிக்கப்பட்ட 18 பேரில் 16 பேர் முகம் வீங்கி, சோர்ந்து, குளிர் தாங்காது வாடியிருந்தனர். 1883 இல் அதனை அவர் மறைக்காமல் அறிவித்தார். முழுச் சுரப்பியையும் அகற்றும் வழக்கத்தையும் கைவிட்டார். 1909 இல் நோபல் பரிசு பெற்ற அம்மேதையின் கைத்திறனைவிட இந்நேர்மையே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

இலண்டனில் வில்லியம் கல் என்பார் 1873 இலேயே, அறுவை ஏதுமின்றி இவ்வாறு வீங்கித் தளர்ந்த பெண்களைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டும் ஒரே குறைபாடே என்பதை இலண்டன் மருத்துவர் குழு ஒன்று 1888 இல் உறுதிசெய்தது. மூன்றாண்டுகளில் மருந்தும் கிடைத்தது. 1891 இல் நியூகாசில் நகரின் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்ணொருத்திக்கு ஊசிவழிச் செலுத்தினார். வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919 இல் மறைந்தார்.

வந்த வினை அதன்பின்தான். 1895 இல் மாக்னஸ் லெவி, தைராய்டுச் சாறு உடலின் பிராணவாயுச் செலவை உயர்த்துவதை அளந்து காட்டினார். 'அங்ஙனமாயின் கொழுப்பை எரிக்க இதுவே வழி' என்று, சுரப்பு நன்றாக இருந்தோரும் அதனை உண்ணலாயினர். 1960 களில் அமெரிக்காவில் 'வானவில் மாத்திரைகள்' என்ற பெயரில் தைராய்டும் ஊக்கமருந்தும் நீர்பிரிப்பு மருந்தும் கலந்து விற்கப்பட்டன. சிலர் உயிரிழந்தனர், 1968 இல் செனட் சபை விசாரணை நடத்தியது. தைராய்டு மருந்தை உடல் மெலிய உண்ணலாகாது என்ற எச்சரிக்கையை அந்நாட்டில் அம்மருந்தின் விவரக்குறிப்பிலேயே கட்டமிட்டு அச்சிடுகின்றனர். மிகுதியாக உண்டால் கரைவது கொழுப்பு மட்டுமன்று. தசையும் எலும்பும் தேயும், இதயத் துடிப்பு தடுமாறும்.

இனி, சுற்றத்தாரின் கூற்றுக்கு வருவோம். சுரப்புக் குறைவால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோவரைதான்; அதிலும் பெரும்பகுதி உடலில் தங்கிய உப்பும் நீரும். அஃது உண்டு பெருத்த பழியன்று. சுரப்பு மிகுந்த நோயில் இளைத்திருந்தவரோ, சிகிச்சைக்குப்பின் இழந்த எடையை மீட்கிறார். நோய்க்காலத்துப் பசியும் உடன் தொடர்ந்தால் அதற்கு மேலும் ஏறுகிறார். மருந்தளவு சரியானபின் எஞ்சும் எடை, ஏனையோருக்குப் போலவே அளவான உணவாலும் நடையாலும்தான் குறையும்; மெல்லத்தான் குறையும்.

எனவே மாத்திரையை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு உண்ணுதல், இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரமேனும் தள்ளிவைத்தல், அளவு மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்தம் சோதித்தல் ஆகியவை நோயர் பொறுப்பு. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. அவர்களைச் சோம்பேறி என்று ஏசாதிருப்பது நம் பொறுப்பு.