ஹார்மோன் என்னும் பெயரும் அதன் வரலாறும்

உடலின் ஓரிடத்தில் தோன்றிக் குருதியிற் கலந்து சென்று, சேய்மையிலுள்ள பிறிதோர் உறுப்பின் தொழிலை ஆளும் பொருள்களை அறிவியலார் ஹார்மோன் என்பர். தமிழில் இதனை இயக்குநீர் என எழுதுவாரும் உளர். இயக்குதல் என்பது கிரேக்க மூலச் சொல்லின் பொருளைத் தழுவியது. அம்மூலச் சொல் தோன்றிய வரலாற்றையும், அது தான் குறிக்கும் பொருளுக்கு எத்துணைப் பொருந்துவது என்பதனையும் ஆராய்ந்த பின்னரே அதன் தமிழாக்கத்தின் தகுதியைத் துணிதல் கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடலியலார்க்கு உடலின் ஆட்சி என்பது பெரும்பாலும் நரம்பின் ஆட்சியே. இக்கொள்கைக்கு மாறான சான்று 1849ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் கிடைத்தது. பெர்த்தோல்டு என்பார் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு ஆய்வு செய்தார். விதையெடுக்கப்பட்ட சேவல்கள் கொண்டை சிறுத்து, கூவுதலும் போரிடுதலும் இன்றி இருந்தன. எடுத்த விதையைக் குடலிடையே ஒட்டவைத்த சேவல்களோ ஏனைச் சேவல்களைப் போன்றே வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அற்றுப்போயிற்று. புதிய குருதிக் குழாய்களே அங்குத் தோன்றியிருந்தன. எனவே விதையின் ஆற்றல் குருதி வழியே உடலெங்கும் பரவுகின்றது என அவர் முடிவு செய்தார். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரையை அறுபது ஆண்டுக் காலம் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. உண்மை முன்னரே வெளிப்பட்டும், அதனை ஏற்றற்குரிய கருத்து அற்றைநாளில் இல்லாமையே இதற்குக் காரணம் என்று கருதலாம்.

1855ஆம் ஆண்டில் பாரிசில் கிளாடு பெர்னார்டு, கல்லீரல் குருதியிற் சர்க்கரையை விடுதலைக் குறிக்க அகச்சுரப்பு என்னும் தொடரை ஆண்டார். அதே ஆண்டில் இலண்டனில் அடிசன், சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பிகள் கெடுவதால் வரும் நோயை விளக்கினார். 1891இல் நியூகாசில் நகர மருத்துவர் மரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தி, அச்சுரப்பி குன்றிய பெண்மணி ஒருவரைத் தேற்றினார். அவர் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இவற்றினிடையே, 1889இல் எழுபத்திரண்டு வயதினரான பிரௌன்-செகார், விலங்கின் விதைச் சாற்றைத் தம் உடலிற் செலுத்தி இளமை மீண்டதாக உரைத்ததும் உண்டு. அச்சாற்றால் அத்தகைய பயன் விளைந்திருத்தல் இயலாது. எனினும் இத்துறையில் ஆர்வம் பெருகியதற்கு அவ்வுரையும் ஒரு காரணமாயிற்று.

இவ்வாறு சிதறிக் கிடந்த செய்திகளை ஒரு கொள்கையாகத் திரட்டியது, 1902 சனவரி 16ஆம் நாள் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நிகழ்ந்த ஆய்வாகும். அதனைச் செய்தோர் பேலிசும் ஸ்டார்லிங்கும். ஸ்டார்லிங்கின் தங்கையை மணந்தவர் பேலிசு. இருவரும் நெடுநாள் ஒருங்கிருந்து ஆராய்ந்தவர்கள். இரைப்பையின் புளித்த உணவு சிறுகுடலை அடைந்ததும் கணையம் தன் நீரைச் சுரக்கின்றது. குடல் உற்ற செய்தியைக் கணையம் எவ்வாறு அறிகின்றது? நரம்பு வழியே என்பது உருசிய அறிஞர் பாவ்லோவ் வழியினர் விடை. பேலிசும் ஸ்டார்லிங்கும், மயக்கமூட்டிய நாயொன்றின் சிறுகுடலில் ஒரு கண்ணியைத் தேர்ந்து, அதற்குரிய நரம்புகளையெல்லாம் அறுத்தனர். குருதிக் குழாய் ஒன்றே அதனை உடலொடு பிணித்து நின்றது. அதனுள் மென்மையான அமிலத்தை இட்டபோதும் கணையநீர் முன்போலவே பெருகியது. அமிலத்தை நேரே குருதியிற் செலுத்தின் கணையம் சுரப்பதில்லை என்பது முன்னரே அறியப்பட்டது. ஆதலின் குடற்சுவரில் வேறொரு பொருள் உண்டாதல் வேண்டும் என்று ஸ்டார்லிங் உய்த்துணர்ந்தார். உடனே குடலின் உட்படலத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடித்த சாற்றை அந்நாயின் சிரையிற் செலுத்தினார். சிறிது நேரத்திற் கணையநீர் பெருகத் தொடங்கிற்று. அப்பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர் செக்ரிட்டின்.

இம்முடிவு பாவ்லோவின் கொள்கையைத் தாக்கிற்று. அவருடைய ஆய்வுக்கூடத்தில் அச்சோதனையை மீண்டும் செய்து காட்டியபோது, அவர் ஒன்றும் உரையாது தம் அறைக்குச் சென்றனர் என்றும், சிறிது பொழுதில் திரும்பி வந்து ஆங்கிலேயர் கூறியதே உண்மை என ஒப்புக்கொண்டனர் என்றும் அவர்தம் மாணாக்கர் வழிச் செய்தி உள்ளது.

ஸ்டார்லிங் 1905 சூன் திங்களில் இலண்டன் மருத்துவர் கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இத்தகைய பொருள்கள் அனைத்திற்கும் ஹார்மோன் என்னும் பொதுப்பெயரை வழங்கினார். கேம்பிரிட்ஜில் ஹார்டி என்னும் உடலியலாரும், பிண்டார் என்னும் கிரேக்கப் புலவரின் பாடல்களில் வல்லுநரான வெசியும் அவர்க்கு இச்சொல்லை எடுத்துக் கொடுத்தனர் என்று நீதாம் எழுதியுள்ளார். உடலியலார் கண்ட பொருளுக்கு மொழியறிஞர் பெயர் தேடித் தந்தமை மொழித்துறையினர்க்கு உவகை தருவதே. எழுப்புகின்றேன், தூண்டுகின்றேன் என்பது அக்கிரேக்க வினையின் பொருள்.

ஆயின் பெயர் பொருளுக்கு முற்றும் பொருந்தவில்லை. சில ஹார்மோன்கள் தூண்டுதலின்றித் தடுத்தலையும் செய்வன. 1922 சனவரியில் டொராண்டோவில் முதன்முதல் நோயாளி ஒருவர்க்கு அளிக்கப்பட்ட இன்சுலின், தசைகள் சர்க்கரையை ஏற்கத் தூண்டுகின்றது; கல்லீரல் சர்க்கரையை விடுவதையோ அடக்குகின்றது. தைராய்டுச் சுரப்பியைத் தூண்டுவது மூளையடியில் அமைந்த பிட்யூட்டரியின் ஹார்மோன். தைராய்டின் ஹார்மோன் குருதியில் மிகுந்தவழி, அதுவே பிட்யூட்டரியை அடக்குகின்றது. உடலின் ஒழுங்கு இவ்வாறு தூண்டலும் தடுத்தலும் ஒன்றையொன்று அளவிடுதலால் நிலைபெறுகின்றது. இக்குறையை உணர்ந்த ஷேஃபர், தடுப்பனவற்றிற்கு வேறு பெயர் படைத்துத் தந்தார். உலகம் அப்பாகுபாட்டைக் கைக்கொள்ளவில்லை. 1973இல் வளர்ச்சி ஹார்மோனின் வெளிப்பாட்டைத் தடுக்கும் சோமட்டோஸ்டாட்டின் அறியப்பட்டபோது, அதுவும் ஹார்மோன் என்றே வழங்கலாயிற்று.

நரம்பு வேறு, ஹார்மோன் வேறு என்ற பிரிவும் நிலைக்கவில்லை. மூளையின் நரம்பணுக்கள் வேதிப்பொருள்களைக் குருதியில் விட்டுப் பிட்யூட்டரியை ஆளுகின்றன என்னும் கருத்தை ஹாரிஸ் 1955இல் தம் நூலில் நிறுவினார். பின்னர் இதயமும், 1994இல் கொழுப்புத் திசுவும் ஹார்மோன் தருவனவாக அறியப்பட்டன.

இவ்வரலாற்றை நோக்கின், இயக்குநீர் என்பது இருவகையிற் குறைபாடுடையது. இயக்குதல் அப்பொருளின் ஒரு பாதிச் செயலே. அது நீரும் அன்று. தைராய்டின் ஹார்மோனைக் கெண்டல் என்பார் 1914 திசம்பரிலேயே படிகமாகப் பிரித்தெடுத்தார். நாளமில்லாச் சுரப்பி என்னும் பெயரோ இல்லாத ஒன்றைக் கூறுவது. ஈழத்தார் ஆளும் அகஞ்சுரக்கும் சுரப்பி என்னும் வழக்கு, நிகழும் செயலையே சுட்டலின் அதனினும் சிறந்தது. பாலுக்கும் ஊற்றுக்கும் வழங்கும் சுரத்தல், கொடுத்தற் பொருளும் உடையதாதலால், உறுப்பொன்று பிற உறுப்புக்களுக்கு வழங்குதலைக் குறித்தற்கு ஏற்றதே. பொருளை மட்டும் ஈழத்தார் ஓமோன் என ஒலிபெயர்த்துக்கொண்டனர். மூலச்சொல்லே தன் வேர்ப்பொருளைக் கடந்து நிற்கும் இடத்தில், அவ்வேரை மொழிபெயர்ப்பதினும் இம்முறையே தக்கதென்பது எம் கருத்து.