பங்கருக்கு மேலே படர்ந்த பூசணி

போன வருஷம் ஆவணி மாதம், என்னோடு பக்டரியில் வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அறுபது வயது தாண்டியவர். பின்வளவில் பூசணிப் பந்தலுக்குக் கீழே நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை ஏன் மேலை ஏத்தி வைச்சிருக்கிறாய்? நாங்கள் நிலத்திலைதான் விடுறது" என்றார். பிறகு தானாகவே, "இல்லை, எங்கடை அம்மம்மாவும் ஏத்தினவதான். குண்டு போடேக்கை ஒளிச்சிருந்த கிடங்குக்கு மேலை" என்றார்.

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் சொன்னது பங்கர். அன்றைக்குத் தொடங்கி நூலகத்திலும் வீட்டிலும் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூசணி எங்கடை ஊர்ச் சாமான் எண்டுதான் நானும் நினைச்சிருந்தனான். நீற்றுப்பூசணி ஆசியாவுக்குரியது, அது சரி. ஆனால் கறிக்கு வெட்டுகிற மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்தது. மெக்சிகோவில் ஒஹாக்கா என்ற பகுதியில் ஒரு குகைக்குள் கிடைத்த பூசணி விதைகள் ஏறக்குறைய 10,000 வருஷம் பழையவை. 1492இல் கொலம்பஸ் போன பிறகுதான் மற்ற உலகம் அதைக் கண்டது. தமிழ்நாட்டில் அதைப் பறங்கிக்காய் என்பார்கள். வந்த வழி பெயரிலேயே கிடக்கிறது.

ரோமாபுரியில் ஃபார்னசீனா என்றொரு மாளிகை இருக்கிறது. அதில் ஒரு மண்டபத்தின் கூரையை 1518 அளவில் ரஃபாயேலும் அவருடைய ஆட்களும் ஒரு தோட்டப் பந்தல் மாதிரியே வரைந்தார்கள். அந்தப் பந்தலில் பழங்களோடு பழமாக அமெரிக்கப் பூசணியும் தொங்குகிறது. கொலம்பஸ் போய் 26 வருஷம்தான். அதற்குள் ஆளைப் பந்தலில் ஏற்றிவிட்டார்கள், பாருங்கோ.

எங்கள் ஊரில் பந்தல் எண்டால் அது புடலுக்கும் பாகலுக்கும்தான். புடலங்காய் சுருளாமல் வர நுனியில் கல்லுக் கட்டி விடுவினம். பூசணியை நிலத்திலோ வேலியிலோ விட்டுவிடுவோம், வளவு பெரிசு. இங்கே வளவு ஒரு பாய் விரிக்கிற அளவு. அதனால் பூசணியும் பந்தல் ஏற வேண்டியதாய்ப் போச்சுது. முல்லைக்குத் தேர் கொடுக்கப் பாரியிடம் தேர் இருந்தது. என்னிடம் இருந்தது வீதியில் எறிந்து கிடந்த ஒரு இரும்புக் கட்டில் சட்டம்.

கொடி எப்படி ஏறுகிறது என்று முறையாகப் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் சார்ள்ஸ் டார்வின். கென்ற் பக்கம் டவுண் என்ற கிராமத்தில் இருந்தவர். அமெரிக்காவில் ஏசா கிரே என்ற தாவரவியலாளர், பூசணிக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்றின் விதையை அவருக்கு அனுப்பியிருந்தார். 1863இல் அந்தக் கொடியை அறைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடியின் நுனி ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வட்டமாகச் சுற்றி வருவதைக் கண்டார். குருடன் கையால் துழாவுகிற மாதிரி அது பிடிமானம் தேடுகிறது. தந்து எண்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்ச அந்த மெல்லிய கை ஒன்றைப் பிடித்ததும் சுருளும். இரண்டு முனையும் கட்டுப்பட்டிருப்பதால் பாதி ஒரு பக்கமாகவும் மீதி மற்றப் பக்கமாகவும் சுருளும். அது ஒரு ஸ்பிரிங். பெருங்காற்று அடிக்கிற நாளில் டார்வின் வேணுமென்று வெளியே போய், வேலியில் படர்ந்த பூசணி இனக்கொடி ஒன்று அறாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறார். 1865இல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். உங்கள் வீட்டுக் கொடியிலும் பாருங்கோ, சுருளின் நடுவில் திசை மாறியிருக்கும்.

இனி அந்த அம்மம்மாவின் கதை. அவ ஒளித்திருந்தது அண்டர்சன் பங்கர். இந்த நாட்டில் விமானத் தாக்குதல் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த சேர் ஜோன் அண்டர்சனின் பெயர் அது. (அதற்கு முன்னம் வங்காளத்தில் வெள்ளைக்கார ஆளுநராய் இருந்தவரும் இவர்தான்.) 1939 மாசியில் லண்டன் இஸ்லிங்ரனில் முதன்முதல் கொடுக்கத் தொடங்கினார்கள். வருஷத்துக்கு 250 பவுணுக்குக் குறைய உழைத்தவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுண். வளைந்த தகரங்களை நாலு அடி ஆழத்தில் இறக்கி, மேலே 15 அங்குலம் மண் போட வேண்டும். அந்த வருஷம் ஒக்டோபரில், தோட்டம் செய்து போரை வெல்லுங்கள் என்று அரசாங்கம் பிரசாரம் தொடங்கியது. லண்டன் கோட்டை அகழியிலும் மரக்கறி போட்டார்கள். சனம் பங்கர் மண்ணையும் விடவில்லை. 'மரோ' என்கிற நீட்டுப் பூசணியை அதில் நட்டு, தகர வளைவில் படர விட்டார்கள். மழைக்கு உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமாம், மேலே மரோவுக்குத் தண்ணீர் காணாதாம். அவருடைய அம்மம்மா சொன்னது.

எங்கள் பங்கரில் தகரம் இல்லை. 1995இல் அப்பா 'ட' மாதிரி வளைத்து வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டவர். எனக்கு அப்போது ஏழு வயது. மழைக்கு மண் கரையுது எண்டு அம்மா புரட்டாதியில் மேலே பூசணி விதை ஊன்றினா. அப்பா இரண்டு பக்கமும் கதியால் நட்டு, கயிறு இழுத்துக் கொடியை ஏற்றிவிட்டார். மேலே இருந்து பார்த்தால் பிளேன்காரனுக்கும் தோட்டமாய்த் தெரியட்டும் எண்டு சொன்னது நினைவிருக்கிறது. ஒக்டோபர் 30 இரவு எல்லாரோடும் நாங்களும் வெளிக்கிட்டோம். அடுத்த வருஷம் வைகாசியில் திரும்பி வந்தபோது குற்றி உள்ளே விழுந்திருந்தது. கதியால் தளிர்த்திருந்தது. காய்ந்த கொடியில் மூன்று பூசணி. ஒன்றை எலி தின்றுவிட்டது. ஒன்றை அம்மா அன்றைக்கே சமைத்தா. மற்றதை விதைக்கு வைத்தா.

இதைச் சொன்னபோது அந்த வெள்ளைக்காரர் ஒன்றும் பேசவில்லை. போகும்போது ஒரு காய் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நீங்களும் போடுவதென்றால், பற்றையாக வளரும் சாதியை வாங்காதேங்கோ, ஏறாது. கொடிச் சாதியாய்ப் பார்த்து இந்தச் சித்திரையில் யன்னலோரம் சட்டியில் ஊன்றுங்கோ. உறைபனிப் பயம் போக, மே கடைசியில் வெளியில் நடலாம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடப் பந்தல் காணும். காய் பாரம் ஏற ஏற பழைய சீலைத் துண்டால் தொட்டில் கட்டி விடுங்கோ.